சாப்பிட்ட பின் ஒரு சின்ன நடை: டைப் 1-ல் எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும்

கேட்கப்பட்டது இது. வயது 24, டைப் 1 (உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத நீரிழிவு) வந்து மூன்று வருடம், பேனா ஊசியில் நாளைக்கு நான்கு தடவை இன்சுலின். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 220, 240 என்று ஏறிவிடுகிறது. மேலும் மேலும் இன்சுலின் போடாமல், மெதுவான நடை மாதிரி இலேசான உடற்பயிற்சியால் அதைப் பிடித்து நிறுத்த முடியுமா? நடந்தால் சில நாள் அழகாக இறங்குகிறது, சில நாள் 60-க்குப் போய்க் கை நடுங்குகிறது, ஒரு நாள் காலையில் நடந்தபோது ஏறவே செய்ததாம். ஏன் இப்படி?

முடியும். நானும் 20 வருடத்துக்கு மேலாக டைப் 1-உடன் இருப்பவன். சாப்பாட்டுக்குப் பிறகான 15 நிமிட நடை அளவுக்கு எனக்குப் பலன் தந்த பழக்கம் வேறு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று நாட்களும் ஒரே நடையின் மூன்று முகங்கள் என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்கள் ஒரே வேலையைத்தான் செய்தன. அந்த நேரத்தில் உடம்பில் எவ்வளவு இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் மாறியது. எத்தனை நிமிடம் நடந்தோம் என்று மட்டும் பார்த்தால் இது குழப்பமாகவே இருக்கும். கடைசி ஊசி போட்டு எத்தனை நேரம் ஆயிற்று என்றும் சேர்த்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். தசைச் செல்லுக்குள் குளூட் 4 என்று ஒரு புரதம் இருக்கிறது, அதுதான் குளுக்கோஸுக்குக் கதவு. இன்சுலின் வந்து தட்டினாலும் அது செல்லின் மேற்பரப்புக்கு வரும், தசை சுருங்கி விரிந்தாலும் வரும். அதாவது இன்சுலின் இல்லாமலேயே கொஞ்சம் குளுக்கோஸை உள்ளே அனுப்ப இயற்கை வைத்திருக்கும் இரண்டாவது வழி நடை. நமக்கு அது பெரிய வரம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. நீரிழிவு இல்லாத ஒருவர் நடக்கத் தொடங்கியதும் அவருடைய கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும், கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோன் கொஞ்சம் ஏறும், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அளந்து அளந்து வெளியே விடும். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருக்கும். நாம் ஊசியில் ஏற்றிய இன்சுலினை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. அது தன் நேரம் முடியும் வரை வேலை செய்யும், கல்லீரலையும் சர்க்கரை விடவிடாமல் அடக்கி வைக்கும். ஒரு பக்கம் தசை இழுக்கிறது, இன்னொரு பக்கம் இன்சுலினும் இழுக்கிறது, ஈடுகட்ட வேண்டிய கல்லீரல் வாய் மூடி நிற்கிறது. அந்த 60 இப்படித்தான் வந்தது.

இது பழைய சங்கதிதான். இன்சுலின் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1922-ல். நான்கே வருடம் கழித்து, 1926-ல், ஆர். டி. லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உடற்பயிற்சியும் இன்சுலினும் சேர்ந்தால் சர்க்கரை எப்படி வேகமாக இறங்குகிறது என்று எழுதினார். அவருக்கே நீரிழிவு இருந்தது, இன்சுலின் வந்ததால் உயிர் பிழைத்தவர். அவர் சொன்னதன் சாரம் இன்றைய ஆலோசனையிலும் அப்படியே இருக்கிறது: நடக்கப் போகிறாயா, இன்சுலினைக் குறை, அல்லது கொஞ்சம் கூடச் சாப்பிடு.

சரி, இப்போது கடிகாரத்தை வைத்து உங்கள் மூன்று நாட்களையும் பார்க்கலாம்.

இன்று பெரும்பாலோர் போடும் வேக இன்சுலின் சுமார் 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல அடங்கி நான்கு மணி நேரம் வரைக்கும் மிச்சம் வைத்திருக்கும். சாப்பாட்டுச் சர்க்கரையோ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் தொடும். ஆரம்பத்தில் சாப்பாடு முன்னால் ஓடுகிறது, இன்சுலின் பின்னால் துரத்துகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் 220, 240. சாப்பிட்டு முடித்து 15, 20 நிமிடத்தில் நடக்க ஆரம்பித்தால் சரியாக அந்த இடைவெளிக்குள் தசை வந்து நிற்கிறது. மேலேறும் சர்க்கரையை அது வாங்கிக்கொள்கிறது, குடலிலிருந்தும் சர்க்கரை வந்துகொண்டே இருப்பதால் சட்டென்று கவிழ்வதும் இல்லை. உங்கள் அழகாக இறங்கிய நாள் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அதே நடையைச் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் கதை வேறு. இன்சுலின் உச்சத்தில் இருக்கிறது, சாப்பாட்டின் வரத்து வடியத் தொடங்கிவிட்டது. மீட்டரில் 200 என்று தெரிவதால் இடம் நிறைய இருக்கிறது என்று நம்பித்தான் நடப்போம். அரை மணியில் 80, முக்கால் மணியில் 60. கை நடுங்கிய நாள் இந்த வகை. கூடவே கரெக்‌ஷன் என்று ஏறிய சர்க்கரையை இறக்கக் கூடுதலாக இரண்டு யூனிட் இன்சுலின் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றில் நடப்பது மூன்றாவது. சாப்பாட்டு இன்சுலின் எதுவும் உடம்பில் இல்லை, நீண்டநேர இன்சுலின் மட்டும்தான். விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறிக் கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கின்றன. அதனால் அந்த நடையில் சர்க்கரை அதிகம் இறங்காது, சிலருக்கு 20, 30 ஏறவும் செய்யும். உங்கள் நடையில் தப்பு ஒன்றும் இல்லை. லோவுக்கு, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வதற்கு, மிகவும் பயப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இந்த நேரத்தில் நடந்து பழகுங்கள் என்பதுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றத்தைக் குறைக்க இந்த நடை உதவாது. அதற்கு அந்தந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தால்தான் பலன்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன், இது கேட்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. ஒரு ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரில் 214, மேல் நோக்கி அம்பு. அந்த எண்ணைப் பார்த்த எரிச்சலில் இரண்டு யூனிட் கூடப் போட்டேன், போட்ட கையோடு நடக்கவும் கிளம்பினேன். 25 நிமிடம் கழித்துப் பார்த்தால் 131, கீழ் நோக்கி அம்பு. நல்லது என்று தொடர்ந்தேன். இன்னும் பத்து நிமிடத்தில் உதட்டு ஓரம் மரத்தது, வியர்த்தது. நடந்ததால் வியர்க்கிறது என்று நினைத்தேன். சென்சார் 104 என்றது. ஏதோ உறுத்தியதால் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தேன்: 66. பையில் இருந்த குளுக்கோஸ் மாத்திரையில் நான்கை மென்றேன், 16 கிராம். 15 நிமிடத்தில் 88. அதோடு முடியவில்லை, அந்த இரண்டு யூனிட்டுக்கு இன்னும் மூன்று மணி நேர ஆயுள் இருந்தது. தூங்கப் போகுமுன் மறுபடி 72.

அந்த ஒரு ராத்திரியில் எனக்கு இரண்டு பாடம். ஒன்று, கரெக்‌ஷனும் நடையும் ஒரே எண்ணுக்கு இரண்டு மருந்து. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்கப் போவது உறுதி என்றால் கரெக்‌ஷனை நிறுத்தி வைத்து, நடந்து முடித்து அரை மணி கழித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டாவது, சென்சார் பின்தங்கும். அது ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை அளக்கிறது. சும்மா இருக்கும்போது தாமதம் சில நிமிடம்தான். நடக்கும்போது சர்க்கரை வேகமாக இறங்கினால் அந்தத் தாமதம் பத்து, இருபது நிமிடமாகக்கூட நீளும். ஆகவே நடையின் நடுவில் 100-ம் கீழ் அம்பும் தெரிந்தால், அதை 100 என்று நான் படிப்பதில்லை, 80-க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றே படிப்பேன். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்ப்பது ஒன்றே வழி. நடக்கும்போது வரும் வியர்வையும் படபடப்பும் லோவின் அறிகுறியை மூடி மறைத்துவிடும், உடம்பு சொல்லும் என்று அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எந்த எண்ணில் கிளம்பலாம்? 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து டைப் 1 உடற்பயிற்சிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள், பல மருத்துவமனைகளில் இன்றும் அதை ஒட்டியே சொல்கிறார்கள். அதன்படி 126 முதல் 180 வரை இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். 90-க்கும் 125-க்கும் இடையில் என்றால் 10 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் எடுத்து, எண் 90 தாண்டும் வரை பொறுத்திருக்க வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான லோ வந்திருந்தால் அன்றைக்கு நடையே வேண்டாம். ஒரு லோ வந்தால் அடுத்த லோவை எதிர்க்கும் ஹார்மோன்கள் மந்தமாகிவிடும், எச்சரிக்கை மணியும் அடிக்காது.

270-க்கு மேல் இருந்தால் நடந்து குறைக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். டைப் 2 உள்ளவர்களுக்குச் சொல்லும் அறிவுரையை நாம் கேட்டுக்கொண்டு ஆபத்தில் மாட்டுவது இங்கேதான். அவர்கள் உடம்பில் இன்சுலின் ஓரளவு எப்போதும் இருக்கும். நமக்கு ஊசி விட்டுப்போயிருந்தாலோ, இன்சுலின் சூட்டில் கெட்டுப்போயிருந்தாலோ, இன்சுலின் பம்பின் குழாய் மடங்கியிருந்தாலோ உடம்பில் இன்சுலினே இருக்காது. இன்சுலின் இல்லாதபோது நடந்தால் தசைக்கு எரிபொருள் கிடைக்கவில்லை என்று கல்லீரல் இன்னும் சர்க்கரையைக் கொட்டும், கொழுப்பு உடைந்து கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும். நடை அந்த நிலையில் நெருப்பில் எண்ணெய். அதனால் 270 தாண்டி, அதற்குச் சாப்பாடு காரணம் இல்லை என்று தோன்றினால் முதலில் கீட்டோன் பாருங்கள். ரத்தக் கீட்டோன் (mmol/L அளவில்) 0.6-க்குக் கீழே என்றால் இலேசான நடைக்குத் தடை இல்லை. 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் நடையை மறந்துவிட்டு இன்சுலின், தண்ணீர், மருத்துவர் என்ற வரிசையில் போக வேண்டும். குமட்டலோ வாந்தியோ வயிற்றுவலியோ கூட இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒருவர்கூட இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்சுலின் அளவைப் பற்றி. சாப்பிட்ட பின் நடப்பது உங்களுக்குத் தினசரிப் பழக்கம் ஆகிவிட்டால், அந்தச் சாப்பாட்டு இன்சுலினையே சற்றுக் குறைப்பதுதான் முறை. அதே வழிகாட்டுதல், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் இலேசாக அரை மணி நேரம் நடப்பதானால் கால்பங்கு குறைக்கலாம் என்கிறது, ஒரு மணி நேரம் என்றால் பாதி. உதாரணத்துக்கு 8 யூனிட் போடுபவர் 6 போட்டுவிட்டு அரை மணி நடப்பது. இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான், உங்கள் உடம்புக்கு ஏற்ற எண்ணை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். வெறும் 10, 15 நிமிட உலாவலுக்கு நான் எதையும் குறைப்பதில்லை, சாப்பிட்ட பின் 220 வரை போகும் ஆளுக்கும் குறைக்க வேண்டிய அவசியம் அனேகமாக வராது. நீண்டநேர இன்சுலினை மட்டும் நடையை நம்பி நிறுத்தவே கூடாது. நடை எவ்வளவு செய்தாலும் டைப் 1-ல் அது இன்சுலினுக்கு மாற்று இல்லை, அதற்குத் துணை.

இங்கே ஒன்று கேட்க வேண்டும். ஊசியை எப்போது போடுகிறீர்கள்? முதல் வாயோடு சேர்த்தா, சாப்பிட்டு முடித்தா? அப்படியானால் உங்கள் 240-க்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். சாப்பிடுவதற்கு 10, 15 நிமிடம் முன்னால் போட்டால் துரத்தல் தூரம் குறையும். சர்க்கரை ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் மட்டும் அப்படிக் காத்திருக்க வேண்டாம். நடையை இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன். இரண்டும் சேர்ந்தால் 220 என்பது 170, 180 ஆவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எங்கே குத்துகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். தொடையில் குத்திவிட்டு உடனே நடந்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடி இன்சுலின் எதிர்பார்த்ததைவிட வேகமாக உறிஞ்சப்படும். நடக்கப் போகும் சாப்பாட்டுக்கு வயிற்றில் குத்துவது நல்லது.

இலேசான என்றால் எவ்வளவு இலேசு? நடந்துகொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்க முடிகிறதா, அது இலேசு. பேச முடிகிறது ஆனால் பாட மூச்சு போதவில்லை என்றால் மிதமான வேகத்துக்குப் போய்விட்டீர்கள், சர்க்கரையும் அதற்கேற்ப வேகமாக இறங்கும். இந்த அளவுகோலுக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

வீடு கூட்டுவது, துணி உலர்த்துவது, மாடிப்படி ஏறி இறங்குவது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். உடற்பயிற்சியே செய்யவில்லை, ஆனாலும் லோ ஆகிவிட்டது என்பவர்களிடம் அன்று என்ன செய்தீர்கள் என்று துருவினால், அலமாரியை ஒழுங்கு செய்தேன், வீடு மாற்றினேன் என்பார்கள். தசைக்கு அது வேலையா பயிற்சியா என்று தெரியாது.

ஒரே மூச்சில் நடக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இங்கிலாந்தின் சண்டர்லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைப் 1 உள்ள 32 பேரை ஒரு நாள் 7 மணி நேரம் தொடர்ந்து உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் அதே 7 மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம் மெதுவாக நடக்க வைத்தார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருந்தபோது 48 மணி நேரச் சராசரி 148 அளவில் இருந்தது, எழுந்து எழுந்து நடந்தபோது 124. லோவும் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் என் சொந்த சென்சார் கோடும் இதைத்தான் காட்டுகிறது. நாள் முழுக்க மேஜை வேலை பார்ப்பவர் என்றால் மாலையில் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டு விட்டுவிடுவதைவிட இது நடக்கக்கூடிய காரியம். மூன்று நிமிடத்துக்கு யாரும் இன்சுலினை மாற்ற வேண்டியதில்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நடையின் கடைசியில் எண் தாழ்கிறது, கையிலோ இனிப்பு குறைவாக இருக்கிறது என்றால் ஒரு உபாயம் உண்டு: 10 விநாடி முழு வேகத்தில் ஓடுவது. திடீர் ஓட்டத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறிக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும், இறக்கம் சிறிது நேரம் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 70-க்குக் கீழே போய்விட்டால் இதை முயலக் கூடாது. அப்போது உட்கார வேண்டும், 15 கிராம் குளுக்கோஸ் எடுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கொழுப்பு கலந்த சாக்லேட் மாதிரி இனிப்புகள் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரை கரைத்த தண்ணீரோ பழச்சாறோதான் சரி. நான் தெருமுனை வரை போனாலும் சட்டைப்பையில் மாத்திரை இல்லாமல் போவதில்லை.

காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் நல்ல காலணி, வந்ததும் பாதத்தைப் பார்ப்பது இரண்டும் கட்டாயம். விழித்திரைப் பாதிப்புக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் நடக்கலாம், கனமான எடை தூக்குவதற்கு முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லோவின் படபடப்பு தெரியாமல் போகலாம், அவர்கள் மீட்டரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம். கடுமையான பயிற்சி செய்த நாளில் தசைகள் காலியான தங்கள் சர்க்கரைச் சேமிப்பை (கிளைகோஜன்) நிரப்பிக்கொள்வதால், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் லோ வரலாம். 15 நிமிட உலாவலில் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கத் தொடங்கும் முதல் வாரத்தில், படுக்கும்போது ஒரு தடவையும் நடு இரவில் ஒரு தடவையும் எண்ணைப் பார்த்துவிடுங்கள், அல்லது சென்சாரின் எச்சரிக்கை ஒலியை 80-ல் வையுங்கள். மது அருந்திய நாளில் இரட்டை கவனம், கல்லீரல் அப்போது உதவிக்கு வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் தொடங்குவேன். ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வேன், மதியமோ ராத்திரியோ. மூன்று நாள் நடக்காமல், அடுத்த மூன்று நாள் சாப்பிட்டு 20 நிமிடத்தில் 15 நிமிடம் நடந்து பார்ப்பேன். ஆறு நாளும் முடிந்தவரை ஒரே அளவு சாப்பாடு, ஒரே அளவு இன்சுலின், ஒரே நேரத்தில் ஊசி. சாப்பிடுமுன், ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில், நான்கு மணி நேரத்தில் என்று நான்கு எண்களை எழுதி வைப்பேன், பக்கத்தில் ஊசி போட்ட நேரத்தையும். நான்காவது எண் முக்கியம், நடையால் பின்னால் கவிழ்கிறதா என்று அதுதான் காட்டும். அது 80-க்குக் கீழே வந்துகொண்டிருந்தால் இன்சுலினைக் குறைக்க வேண்டும் என்று பொருள், நடையை நிறுத்தத் தேவையில்லை. அந்த ஒரு தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 8 யூனிட்டா 7 யூனிட்டா என்று அவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.